வரவேற்புக்குப் பிறகு வரும் மாதங்கள்

மீள்குடியேற்றப்படும் அகதிக் குடும்பங்களை உள்ளூர் மக்கள் விமான நிலையத்திலேயே வரவேற்று, வாடகை வீடும் தட்டுமுட்டுச் சாமான்களும் ஏற்பாடு செய்து தருவதைக் நான் படித்த ஒரு கட்டுரையில் அதை எழுதியவர் மனம் நெகிழ்ந்து பாராட்டியிருக்கிறார். பாராட்டுக்குரியதுதான், ஆனால் அதற்குப் பின் வரும் மாதங்களைப் பற்றி இன்னும் விரிவாக எழுதியிருக்கலாம்.

கனடாவில் 1979 முதல் நடைமுறையில் உள்ள தனியார் ஆதரவுத் திட்டத்தில், 2024 நவம்பர் வரை ஐந்து பேர் சேர்ந்தால்கூட ஒரு குடும்பத்தை வரவழைக்க விண்ணப்பிக்க முடிந்தது என்றாலும், பொதுவாக ஓராண்டுக்கு அவர்களுடைய வாழ்க்கைச் செலவையும் குடியமர்வதற்கான உதவிகளையும் அந்தக் குழுவே ஏற்க வேண்டும். அகதிகளுக்காக உழைப்போருக்கு ஐ.நா. அகதிகள் முகமை வழங்கும் நான்சன் விருது 1986-இல் கனடா மக்களுக்குக் கிடைத்ததற்கு, அகதிகளுக்கு அவர்கள் இப்படித் தொடர்ந்து கைகொடுத்ததே காரணம்.

அந்த ஓராண்டில் மிகவும் சோதிப்பது மொழிதான். பிள்ளைகள் பள்ளியில் விரைவாகக் கற்றுவிடுகிறார்கள் என்பதால், மருத்துவமனையிலும் அவர்களையே மொழிபெயர்ப்பாளர்களாக்கிவிடுகிறோம்; தன் உடல் உபாதையைப் பன்னிரண்டு வயது மகனின் வாய்வழியாக மருத்துவரிடம் சொல்ல எந்தத் தாய்க்கு நா எழும்? பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்வது, பத்து மூட்டை பழைய துணிகளைவிடப் பயனுள்ள உதவி.

இன்னொன்றும் உண்டு. பணம் தருபவர்களே ஆலோசனையும் சொல்லும்போது, வந்தவர்கள் வேண்டாதவற்றுக்கும் தலையாட்டிவிடுவார்கள். ஆகவே வங்கி அட்டை முதல் நாளிலிருந்தே அவர்கள் கையில் இருக்கட்டும். செலவுத் திட்டம் பற்றி அவர்களாகக் கேட்டால் சொல்லலாம், கேட்காமல் கணக்குப் பார்ப்பது முறையல்ல.