பாதரசம் போன பிறகு பரிசோதனை

கும்பக்கரை அருவியில் குளித்தவர்களுக்கு அந்தத் தண்ணீரின் குளிர் தெரியும். பெரியகுளத்துக்காரனான எனக்கு அது சின்ன வயதிலிருந்தே பழக்கம். அங்கே விழுவது பாம்பாறு. மேலே கொடைக்கானலில் பாம்பார் சோலை வழியாக இறங்கி வருகிறது. அந்தச் சோலைக்கு மேலே, மலைமுகட்டில், பாதரசத் தெர்மாமீட்டர் செய்யும் ஆலை ஒன்று 2001 வரை ஓடியது.

கதை பலருக்குத் தெரியும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த ஆலையை 1980களில் இங்கே கொண்டுவந்து வைத்தது பாண்ட்ஸ் நிறுவனம். பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது.

சரி, கழிவு போய்விட்டது. மண்ணில் இறங்கியது?

அங்கேதான் ஆபத்தை மதிப்பிடும் வேலை தொடங்குகிறது. எந்தப் பழைய ஆலை நிலத்திலும் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: நஞ்சு எவ்வளவு இருக்கிறது, அது எந்த வழியாகப் போகிறது, கடைசியில் யார் உடம்பில் சேர்கிறது. கொடைக்கானல் ஆலை நிலத்தைச் சுத்தம் செய்த பிறகு, ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று அளவு வைத்தார்கள். பாதிப்பில்லாத சாதாரண மண்ணில் ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் இருக்காது. 20 என்பது குடியிருப்பு நிலத்துக்கான கணக்கு. அங்கே வீடு கட்டி வாழ்பவரையும், மண்ணில் விளையாடும் குழந்தையையும் மனதில் வைத்துப் போடுவது. ஆனால் இந்த இடம் சரிவான மலைமுகடு. மழை மண்ணை அரித்துச் சோலைக்குள் இறக்கும். ஓடையின் அடிச்சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசம் என்ற இன்னும் கொடிய வடிவமாக மாற்றும். அது மீனில் சேர்ந்தால், சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்குப் போகப் போக ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே அந்த ஓடையின் சேற்றையும் மீனையும் வருடா வருடம் சோதித்து, முடிவைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும் என்பேன். கீழே இருப்பவர்கள் நாங்கள்.

மண்ணாவது காத்திருக்கும். இன்றைக்குத் தோண்டினாலும் பாதரசம் இருந்தால் காட்டிக்கொடுக்கும். மனித உடம்பு அப்படிக் காத்திருக்காது. எனக்கு இதில் பெரிய ஆதங்கமே இதுதான்.

தெர்மாமீட்டர் ஆலையில் தொழிலாளி மூச்சில் இழுப்பது பாதரச ஆவி. கண்ணுக்குத் தெரியாது, மணமும் கிடையாது. நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். கை நடுக்கம், மறதி, எரிச்சல், தூக்கமின்மை, சிறுநீரகக் கோளாறு எல்லாம் அதன் வேலை. ஆனால் ஆலையை விட்டு வெளியே வந்துவிட்டால், உடம்பில் இருக்கும் பாதரசத்தில் பாதி சுமார் இரண்டு மாதத்தில் கழிந்துவிடும். அடுத்த இரண்டு மாதத்தில் மீதியில் பாதி. இப்படி ஓராண்டுக்கு ஆறு முறை பாதியானால் மிச்சம் என்ன இருக்கும்? சேதம் உள்ளேயே இருக்கும், சேதம் செய்தது போயிருக்கும். சிறுநீரைச் சோதித்தால் ஒன்றும் இல்லை என்றுதான் வரும்.

சென்னை உயர் நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு 2007இல் அறிக்கை கொடுத்தது. தொழிலாளர்களின் அப்போதைய உடல்நிலைக்கும் ஆலையில் பட்ட பாதரசத்துக்கும் தொடர்பு காட்டப் போதிய சான்று இல்லை என்றது. ஆலை மூடி ஆறு ஆண்டு கழித்து! குழுவில் இருந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. எந்த நிபுணர் வந்திருந்தாலும் திணறியிருப்பார். 2011இல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் அறிக்கையோ, தொழிலாளர்கள் மட்டுமல்ல, அவர்களுடைய பிள்ளைகளும் பாதிக்கப்பட்டதற்கு முகாந்திரம் இருக்கிறது என்றது. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. பாதிப்பை ஒப்புக்கொண்டு அல்ல, மனிதாபிமான அடிப்படையில் என்று சொல்லி. பதினைந்து வருடம்!

"சான்று இல்லை" என்பதை "ஆபத்து இல்லை" என்று படிக்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும். எப்போது தேடினீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஆலை மூடிய அன்றே அரசு மருத்துவர்கள் போய் ஒவ்வொருவர் சிறுநீரையும் எடுத்திருக்க வேண்டும். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போனவரின் மனைவி மக்களையும் சேர்த்து.

மினமாட்டாவை நினைத்துப் பார்க்கிறேன். ஜப்பானில் அந்த ஊரில் மெத்தில் பாதரசம் சேர்ந்த மீனைத் தின்றவர்களுக்கு வந்த நரம்பு நோய் 1956இல் அதிகாரபூர்வமாகப் பதிவானது. காரணம் சிஸ்ஸோ ஆலைக் கழிவு என்று அரசு ஒப்புக்கொள்ள 1968 ஆனது. அதற்குள் எத்தனையோ பேர் உடம்பில் அளக்கவேண்டிய தடயம் போயிருந்தது. ஆனால் குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்துப் பத்திரப்படுத்துவது அங்கே வழக்கம். வருடங்கள் கழித்து ஆய்வாளர்கள் அந்தக் கொடிகளை வாங்கிச் சோதித்தார்கள். கருவிலேயே குழந்தை வாங்கிய மெத்தில் பாதரசம் அதில் அப்படியே இருந்தது. நம் வீடுகளில் தாயத்துக்குள் வைத்துக் கட்டுவோமே, அதே கொடி.

நம்மிடம் இருப்பது காகிதம். அந்த ஆலையில் வேலை செய்தவர்களோ அவர்கள் பிள்ளைகளோ இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சம்பளச் சீட்டு, எந்தப் பிரிவில் வேலை என்று காட்டும் அடையாள அட்டை, அந்த நாளைய மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை, பிரசவக் குறிப்பு எது கிடைத்தாலும் எறியாதீர்கள். மங்கிப்போவதற்குள் போட்டோ எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: இத்தனை வருடம் பாதரச ஆலையில் இருந்தேன், அதையும் சீட்டில் எழுதுங்கள் என்று.