தீருவின் புகைக்குக் கைதட்டியவர்களுக்கு

கன்வென்ஷன் என்னும் நற்செய்திக் கூட்டத்தின் கடைசி இரவைப் பற்றி நான் எழுதிய நான்கு வரிகளுக்கு வந்த பதில்களையெல்லாம் பொறுமையாகப் படித்தேன். நேரலையில் பார்த்தவர்களுக்கு நடந்ததை விளக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் லெபனானின் தீரு நகரத்தில் குண்டு விழுந்து புகை எழுந்த படத்தைப் பெரிய திரையில் போட்டு, தீரு அழியும் என்று தீர்க்கதரிசி அறிவிக்கும் பைபிள் பகுதியான எசேக்கியேல் 26 நம் கண்முன்னே நிறைவேறுகிறது என்று, பிரசங்கித்த ஊழியர் முழங்கினார். மைதானம் முழுவதும் அல்லேலூயா சொல்லிக் கைதட்டியது. நான் கேள்வி கேட்டது அந்தக் கைதட்டலைப் பற்றித்தான். தீர்க்கதரிசனம் பொய் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. ஆனாலும் பல ஆண்டுகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆராதித்தவர்கள்கூட என்னைப் பின்மாற்றக்காரன், விசுவாசத்தை விட்டு விலகியவன் என்று எழுதியிருக்கிறார்கள். இருக்கட்டும்.

கைதட்டியவர்களில் எத்தனை பேர் அந்த அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தைப் படித்தீர்கள்? தீருவின்மேல் தண்டனை வருவதற்கான காரணம் அங்கே வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. எருசலேம் விழுந்ததைக் கண்டு தீரு மகிழ்ந்தது. ஜனங்களின் வாசலாயிருந்த நகரம் இடிந்துவிட்டது, இனி வியாபாரமெல்லாம் என் பக்கம் வரும், நான் நிரம்புவேன் என்று கணக்குப் போட்டது. அடுத்தவன் ஊர் எரியும்போது குதூகலித்ததுதான் தீருவின் பாவம். அந்த வசனத்தை வைத்துக்கொண்டே இன்னொரு ஊர் எரிவதைப் பார்த்து நாம் குதூகலிக்கிறோம். இதைச் சொன்னால் எனக்கு விசுவாசம் இல்லையாம்.

சரி, நிறைவேற்றத்தைப் பற்றியே பேசுவோம். எசேக்கியேல் இந்த வார்த்தையைச் சொன்னது கி.மு. ஆறாம் நூற்றாண்டில், பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதர்களிடம். தீருவுக்கு எதிராக வருகிறவன் யார் என்று ஏழாம் வசனம் பெயர் சொல்லியே அறிவிக்கிறது: பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார். அவன் வந்தான், தீருவை 13 ஆண்டுகள் முற்றுகையிட்டான் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசீஃபஸ் எழுதுகிறார். ஆனால் கரையிலிருந்து விலகிக் கடலுக்குள் தீவாக நின்ற நகரம் அவன் எதிர்பார்த்த கொள்ளையைக் கொடுக்கவில்லை. இதை நான் கற்பனை செய்து சொல்லவில்லை, எசேக்கியேலே 29ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். தலைகள் மொட்டையாகி, தோள்கள் தேய்ந்துபோகும்வரை அவனுடைய சேனை உழைத்தும் தீருவிலிருந்து கூலி கிடைக்கவில்லை, ஆகையால் எகிப்தை அவனுக்குக் கூலியாகக் கொடுக்கிறேன் என்று கர்த்தர் சொல்லுகிறார். இதைத் தீர்க்கதரிசி மறைக்கவில்லை. நம் மேடைகள்தான் மறைக்கின்றன. 29ஆம் அதிகாரத்தின் இந்தப் பகுதியை வைத்து ஒரு கன்வென்ஷன் செய்தியை நான் இன்றுவரை கேட்டதில்லை.

பிறகு கி.மு. 332இல் அலெக்சாண்டர் வந்தான். கரையில் இருந்த பழைய நகரத்தின் இடிபாடுகளைக் கடலில் கொட்டிப் பாதை போட்டு, ஏழு மாதத்தில் தீவைப் பிடித்தான். கல்லையும் மரத்தையும் மண்ணையும் தண்ணீரின் நடுவே போடுவார்கள் என்ற பன்னிரண்டாம் வசனத்தோடு இதைப் பொருத்திப் பார்ப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. எனக்கும் அங்கே மெய்சிலிர்க்கிறது. ஆனால் தீரு அத்தோடு அழிந்துவிடவில்லை. இருபது ஆண்டுகளுக்குள் அலெக்சாண்டரின் தளபதிகளில் ஒருவனான ஆன்டிகோனஸ் ஓராண்டுக்கும் மேலாக அதே ஊரை முற்றுகையிட வேண்டியிருந்தது. நம் ஆண்டவர் அந்தத் திசைகளுக்குப் போனார், அங்கே ஒரு தாயின் விசுவாசத்தைக் கண்டார். அப்போஸ்தலர் 21இல் பவுல் அந்த ஊர்ச் சீஷர்களோடு ஏழு நாள் தங்கியிருக்கிறார். ரோமர்களின் தேரோட்டக் களமும் வளைவும் நிற்கும் அந்த இடம் 1984 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. பக்கத்திலேயே மக்கள் குடியிருக்கிறார்கள், துறைமுகத்தில் வலைகளும் காய்கின்றன.

இனி கட்டப்படமாட்டாய் என்று அதே 26ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறதே என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வந்த கேள்விகளில் மதிக்கத்தக்கது இது ஒன்றுதான். தம்பி, கடலையே ஆண்ட அந்த வணிக அரசு, 28ஆம் அதிகாரத்தில் தன்னைத் தெய்வம் என்று சொல்லிக்கொண்ட அந்த ராஜரீகம், மறுபடி எழவே இல்லை. அந்தத் தண்டனைச் சொல் அதன்மேல்தான் விழுந்தது. அதோடு எரேமியா 18ஐயும் சேர்த்துப் படியுங்கள்: ஒரு ஜாதியை, அதாவது ஒரு தேசத்தாரை, பிடுங்குவேன் என்று நான் சொல்லியிருக்க, அது மனந்திரும்பினால் நானும் மனஸ்தாபப்படுவேன், அந்தத் தண்டனையைக் கைவிடுவேன் என்கிறார் கர்த்தர். நாற்பது நாளில் கவிழ்க்கப்படும் என்று யோனா கூறிய நினிவே கவிழவில்லை. அதற்காகக் கோபித்துக்கொண்டு ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்தவர் யோனா ஒருவர்தான். நம் மைதானத்திலும் நிறையப் பேர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்குத் தோன்றியது.

தீர்க்கதரிசனம் அதன் காலத்தில் ஒருமுறையும் பிற்காலத்தில் மறுமுறையும் நிறைவேறும், அதாவது இரட்டை நிறைவேற்றம் என்று சொல்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: இதுவரை எத்தனையாவது நிறைவேற்றம்?

நான் வளைகுடாவில் வேலை பார்த்தபோது கணக்குப் பிரிவில் எனக்கு அடுத்த மேசையில் இருந்தவர் தீரு நகரத்துக்காரர், லெபனானின் பழைய சபைகளில் ஒன்றான மரோனைட் சபையின் கிறிஸ்தவர். ஊரை அவர் சூர் என்றுதான் சொல்வார். 2006 போரின்போது வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு அம்மாவைத் தேடுவார். இணைப்புக் கிடைத்த நாளில் ஒரு மாதிரி, கிடைக்காத நாளில் ஒரு மாதிரி இருக்கும் அவர் முகம். அதே வாரத்தில் எங்கள் தமிழ் ஐக்கியக் கூட்டத்தில் ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். எசேக்கியேல் 26 நிறைவேறுகிறது என்று தலைப்பு. 2006இலேயே நிறைவேறிவிட்ட வசனம் 2024இல் மறுபடி நிறைவேறியிருக்கிறது. ராசிபலன்கூட ஒரே பலனை இத்தனை முறை சொல்லக் கூச்சப்படும். அந்தத் துண்டறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தேன். அவரும் என்னைப் போல ஞானஸ்நானம் பெற்றவர். பவுல் வந்து தங்கிய சபையின் பிள்ளைகள் அவர்கள். நம் ஊரில் சுவிசேஷம் கேட்கப்படுவதற்கு முன்பே பாட்டுப் பாடி ஆராதித்தவர்கள். அவர்கள் வீட்டுக் கூரை விழுந்தால் நமக்கு ஆமென் வருகிறது.

பயங்கரவாதிகளுக்கு வக்காலத்து வாங்குகிறாயா என்று கேட்டவருக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்த அம்மாவுக்கு அப்போது எழுபது வயதுக்கு மேல் இருக்கும்.

இதையெல்லாம் எடுத்துவிட்டால் புறமதத்தாருக்கு எதைக் காட்டிச் சாட்சி சொல்வது என்று ஒரு மூத்த ஊழியர் வருந்தியிருக்கிறார். ஐயா, உங்களிடம் சிலுவை இருக்கிறது. அது போதாமல் இடிந்த கட்டடம் வேண்டியிருக்கிறதென்றால், குறை தீருவிடமா இருக்கிறது? தீர்க்கதரிசி ஆமோஸ் எப்படிப் பிரசங்கித்தார் என்று பாருங்கள். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று வரிசையாகப் பிறருடைய பாவங்களைச் சொல்லிக்கொண்டே வருகிறார். கேட்டவர்கள் நம்மைப் போலவே உற்சாகமாகத் தலையாட்டியிருப்பார்கள். அப்புறம் யூதா என்கிறார். அப்புறம் இஸ்ரவேல் என்று சொல்லி, எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்கிறீர்களே என்று அவர்கள் பக்கமே திரும்புகிறார். நம் மேடைகளில் ஆமோஸின் வரிசை எப்போதும் மோவாபோடு நின்றுவிடுகிறது. சபைச் சேகரத்துத் தேர்தலில் கைமாறும் பணத்தைப் பற்றியும், கல்லறைத் தோட்டத்தில்கூட சாதி பார்த்து இடம் ஒதுக்குவதைப் பற்றியும் அந்த எல்.இ.டி. திரையில் ஒரு படமாவது போட்டதுண்டா? போட்டால் யார் கைதட்டுவார்கள்?

எழுத எழுதக் கோபம் வருகிறது, தெரிகிறது. சபையின் ஒற்றுமையைக் கருதி முந்தைய பதிவை நீக்கிவிடும்படி கமிட்டியிலிருந்து மரியாதையாகவே கேட்டார்கள். அதே ஒற்றுமையைக் கருதி அந்தக் கூட்டத்தின் காணொளியையும் நீக்குவீர்களா என்று கேட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. என் பதிவு அங்கேயேதான் இருக்கும். கீழே வாதாட வருகிறவர்கள் எசேக்கியேல் 29:17 முதல் 20 வரை வாசித்துவிட்டு வரவும். வாசிக்காமல் எழுதப்படும் எதற்கும் நான் பதில் எழுதப்போவதில்லை.