நாற்காலியை உயர்த்தும் சர்வாதிகாரிகள்

ஹிட்லரைக் கேலி செய்யும் சாப்ளினின் 'தி கிரேட் டிக்டேட்டர்' (1940) படத்தின் உச்சம் கடைசி உரைதான் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. அந்த உரை நல்ல உரைதான், ஆனால் அங்கே நகைச்சுவை நின்றுபோய் சாப்ளின் நேரடியாகப் பேச ஆரம்பித்துவிடுகிறார்.

உண்மையான அடி நாற்காலிக் காட்சிகளில் இருக்கிறது. விருந்தாளியாக வரும் நபலோனியை (முசோலினியின் நகல்) தாழ்வான நாற்காலியில் உட்காரவைத்து மேலிருந்து பார்க்கத் திட்டமிடுகிறான் ஹிங்கல் (ஹிட்லரின் நகல்). அந்த மனிதரோ மேசைமேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறார்! அப்புறம் முடிதிருத்தும் நாற்காலிகளில் போட்டி போட்டு உயர்த்திக்கொண்டே கூரை வரைக்கும் போகிறார்கள். அதிகாரத்தின் அற்பத்தனத்தை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது? தொடக்கத்தில் வரும் ஹிங்கலின் பொதுக்கூட்டமும் அப்படித்தான். ஜெர்மன் மாதிரி ஒலிக்கும் உளறல், பயந்து பின்னால் வளையும் மைக், நீண்ட வசவை ஒரே வரியில் பூசி மெழுகும் மொழிபெயர்ப்பாளர். (இன்றைய செய்தித் தொடர்பாளர்கள் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.)

நாஜி வதை முகாம்களின் கொடூரம் முழுதாகத் தெரிந்திருந்தால் இதை எடுத்திருக்க முடியாது என்று சாப்ளினே பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதினார். கட்டுரையாளர் இதைத் தொட்டிருக்கலாம். கேலி எந்த எல்லை வரை போகலாம் என்ற கேள்வி அங்கேதான் கிடக்கிறது.