ஸ்கோர் நான்கு

போன வாரம் ஒரு நிரந்தரப் பணிக்கான நேர்காணல். மூளை நரம்பணுக்களைக் கணினியில் மாதிரியாக்கி மூன்று வருடம் உழைத்து எழுதிய கட்டுரை என் ஃபைலில் இருந்தது. யாரும் புரட்டவில்லை. "ஆல்ட்மெட்ரிக் ஸ்கோர் எவ்வளவு?" என்றார்கள். நான்கு என்றேன். அடுத்த கேள்வி வரவில்லை.

எங்கள் புளியரை சோதனைச்சாவடியில்கூட கேரளா போகிற லாரியை எண்ணுவதோடு விடுவதில்லை. தார்ப்பாயைத் தூக்கி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

அந்த ஸ்கோர், கட்டுரையைப் பற்றி இணையத்தில் எங்கெல்லாம் பேச்சு வந்தது என்று எண்ணுவது. வழக்கமான கணக்கில் செய்தித்தளத்தில் வந்தால் 8, வலைப்பூவில் வந்தால் 5, முகநூல் பக்கத்தில் வந்தால் கால். ஆய்வுக் கட்டுரைகளைச் சேமித்து வைக்கும் மெண்டலே செயலியில் எத்தனை பேர் கட்டுரையைச் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்பதையும் பக்கத்திலேயே காட்டுவார்கள். ஆனால் அது ஸ்கோரில் சேராது! படிக்கலாம் என்று எடுத்து வைத்தவர் கணக்கிலேயே இல்லை. இந்த ஸ்கோர் கவனத்தைக் காட்டும் எண், தரத்தை அல்ல என்று அதைத் தயாரிப்பவர்களே சொல்கிறார்கள். மற்றவர்கள் கட்டுரைகளில் மேற்கோள்கள் சேர வருடக்கணக்காகும், அதுவரை ஒரு அடையாளம் வேண்டும் என்ற நியாயம் எனக்கும் புரிகிறது. சரி, அடையாளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து ஆளை எடை போடாதீர்கள்.

என் கட்டுரையை உண்மையாகப் படித்த ஒருவரைச் சொல்கிறேன். நான் கௌரவ விரிவுரையாளராக இருக்கும் கல்லூரியில் எம்.எஸ்சி. படிக்கும் மாணவி. ஒரு நாள் கிராஃப் தாளோடு வந்து நின்றாள். "சார், உங்க அட்டவணையில இருக்கிற மதிப்பைப் போட்டா நரம்பணு துடிக்கவே மாட்டேங்குது." தாளில் பென்சிலால் இரண்டு கோடுகள். ஒன்று எழும்பாமல் படுத்துக்கிடந்தது. இன்னொன்று சரியாக எழுந்து இறங்கியது. நரம்பணுவுக்குள் சோடியத்தை விடும் வாயிலின் கால அளவை மில்லி செகண்டுக்குப் பதில் செகண்ட் என்று அச்சிட்டிருந்தோம். ஆயிரம் மடங்கு பிழை. எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. அன்றைக்கே இதழுக்குத் திருத்தம் அனுப்பினேன்.

அந்த வாயில் எப்படித் திறந்து மூடும் என்று சொல்லும் சமன்பாடுகள், ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கிலேய விஞ்ஞானிகள் 1952இல் எழுதியவை. கணினி கிடைக்காமல், கைப்பிடி சுற்றும் மெஷினில் ஹக்ஸ்லி போட்ட கணக்கு அது. 1963இல் நோபல் வந்தது. இன்றைக்கும் எங்கள் நிரல்களின் அடியில் ஓடுவது அதுதான்.

தேர்வுக் குழுவில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். நேர்காணலுக்கு வருபவரிடம், உங்கள் நிரலை வேறு யாராவது ஓட்டிப் பார்த்தார்களா, என்ன பிழை கண்டார்கள், நீங்கள் என்ன திருத்தினீர்கள் என்று கேளுங்கள். பத்து நிமிடம் போதும்.

அடுத்த நேர்காணலுக்கு அந்த கிராஃப் தாளையும் ஃபைலில் வைத்துக்கொண்டு போகிறேன். ஸ்கோர் கேட்டால் முதலில் அதைத்தான் எடுத்து மேஜையில் வைப்பேன்.