தூக்கிய கையை எண்ணவில்லை

பெற்றோர் சங்கக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு. கை தூக்கினேன். எண்ணிக்கொண்டு வந்தவர் என்னிடம் நின்று, "உங்க பேரு பட்டியல்ல இல்லையே மேடம்" என்றார். சந்தா ரசீது பையிலேயே இருந்தது, ஆனால் கணவர் பெயரில். குடும்பத்துக்கு ஒரு ஓட்டுதானாம், அதுவும் ரசீதில் பெயர் உள்ளவருக்குத்தானாம். அவர் வெளியூரில். எல்லோரும் பார்க்கக் கையை இறக்கினேன்.

குடும்பத்துக்கு ஒன்றா, ஆளுக்கு ஒன்றா என்பதில் இரு பக்கமும் நியாயம் இருக்கிறது, சரி. அதைச் சந்தா வாங்கும்போதே சொல்ல வேண்டாமா? விதிமுறைப் புத்தகத்தைக் கேட்டால் செயலாளரிடம் இருக்கிறது என்கிறார்கள். மூன்று வருஷமாக நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

எனக்குப் பின்னால் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். பேரனை வளர்ப்பது அவர்தான், ஒரு கூட்டம் விட்டதில்லை. அவர் 'பெற்றோர்' இல்லையாம், உறுப்பினராகவே சேர்க்கவில்லை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்காக வேறு யார் வந்து கை தூக்குவது? பாதுகாவலர் என்று ஒரு வார்த்தையை விதியில் சேர்க்க எவ்வளவு நேரமாகும்?

அப்புறம் இன்னொன்று. கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, குறைகிறது என்று வாசலிலேயே எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கூட்டம் செல்லுபடியாக நாங்கள் வேண்டும், முடிவெடுக்க வேண்டாமா?