நிலாவைக் காட்டி ஒரு பெடியனின் வாயை அடைத்தவர்களுக்கு

மூன்று நாள் பொறுத்தேன். கோபத்தோடு எழுதினால் சொல்ல வந்தது சிதறிவிடும் என்று பேசாமல் இருந்தேன். நேற்றுப் பின்னேரம் அந்தத் தம்பி வீட்டுக்கு வந்துபோன பிறகு, இனியும் பேசாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது.

நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். சனிக்கிழமை இரவு மட்டக்களப்புப் படுவான்கரையில் விடிய விடிய நடந்த வடமோடிக் கூத்து அரங்கேற்றம். உயர்தரம் எழுதிவிட்டு நிற்கிற பெடியன் முகநூலில் 22 படம் போட்டிருந்தான். மத்தளத்தின் மேல் இறங்குகிற கை ஒன்று. கூடை போல விரிந்த கரப்புடுப்போடு சுழன்று திரும்புகிற ராசாவின் முகம் ஒன்று, நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கப்போகிற நேரம். கூத்தாடுகிற களரிக்கு வெளியே பாயில் தூங்கிப்போன பிள்ளைகள். யாரோ என்ன கமரா என்று கேட்டார்கள். நிக்கொன் டி90, லென்ஸ் மாற்றிப் பூட்டுகிற பழைய டிஎஸ்எல்ஆர், என்று உள்ளதைச் சொன்னான். அதுவரை படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதோடு கமராவைப் பார்க்கத் தொடங்கினார்கள். "2008 மொடலா?" "12 மெகாபிக்சல் டப்பா." "நூதனசாலைக்குக் குடுங்க தம்பி." கடைசியாக ஒருவர் தூரத்தை இழுத்து எடுக்கிற தன் புதுச் சூப்பர்ஸூம் கமராவில் எடுத்த நிலாப் படத்தைக் கீழே போட்டு, "உங்கட டிஎஸ்எல்ஆரில இது ஏலுமா?" என்று கேட்டார். சிரிப்புக் குறிகள் வரிசையாக விழுந்தன. காலையில் பார்த்தால் 22 படமும் இல்லை.

அந்த நிலாவில் இருந்தே தொடங்குகிறேன்.

நிலா இரவில் தெரிவதால் அது இரவுப் படம் ஆகிவிடாது. நிலா வெயிலில் கிடக்கிற கல். பகலில் வெயிலில் நிற்கிற ஒன்றை எடுக்கிற அளவுகளை வைத்தே பௌர்ணமி நிலாவை எடுக்கலாம். தூரத்தை இழுக்கிற லென்ஸ் இருந்தால் போதும், எந்தச் சின்னக் கமராவும் எடுக்கும். அழகாகவும் எடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் கூத்துக் களரியில் வெயில் இல்லை. சுற்றிவரக் கட்டிய டியூப் லைட்தான், இப்போது சில இடங்களில் எல்ஈடி. ராசா நமக்குப் பத்தடி தூரத்தில் ஆடுகிறார். 40 மடங்கு ஸூமை வைத்துக்கொண்டு அங்கே எதை இழுக்கப் போகிறீர்கள்? அங்கே வேண்டியது வெளிச்சம்.

எனக்கு இரண்டும் இருக்கிறது. பெடியனிடம் இருக்கிற அதே டி90, 2011-இல் கை மாறி என்னிடம் வந்தது. தம்பி லண்டனிலிருந்து 2019-இல் கொண்டுவந்து தந்த கெனன் எஸ்எக்ஸ்740, சட்டைப் பைக்குள் அடங்கும், 40 மடங்கு ஸூம். இரண்டையும் வருடக்கணக்காகப் பாவித்த அனுபவத்தில்தான் சொல்கிறேன். கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கரை வாசித்துச் சொல்லவில்லை.

டி90-இன் சென்சர், அதாவது உள்ளே வெளிச்சத்தைப் பிடிக்கிற தகடு, 23.6-க்கு 15.8 மில்லிமீற்றர். சின்னச் சூப்பர்ஸூம்களில் இருப்பது ஏறக்குறைய 6.2-க்கு 4.6. பெருக்கிப் பாருங்கள், பழையதன் பரப்பு 13 மடங்கு பெரியது. முற்றத்தில் கிடாரத்தை வைத்தாலும் சிரட்டையை வைத்தாலும் பெய்கிற மழை ஒன்றுதான், பிடிபடுகிற தண்ணீர் ஒன்றில்லை. அதன் மேல் லென்ஸ் வேறு. பெடியன் பிடித்தது 50 மி.மீ. லென்ஸ், 1.8. இந்த எண் குறையக் குறைய லென்ஸ் கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விடும். என் சின்னக் கமராவின் லென்ஸைச் சுற்றி 3.3 முதல் 6.9 வரை என்று எழுதியிருக்கிறது. 1.8-க்கும் 3.3-க்கும் இடையிலேயே மூன்று மடங்குக்கு மேல் வெளிச்சம் போய்விடுகிறது. ஸூமை முழுக்க இழுத்து 6.9-இல் நின்றால் ஏறக்குறைய 15 மடங்கு. சரி, இழுக்கவே வேண்டாம், 3.3-இலேயே நில்லுங்கள். சென்சரின் 13-ஐயும் லென்ஸின் மூன்று சொச்சத்தையும் பெருக்கினால் 40-ஐத் தாண்டும். நீங்கள் பெருமையாகச் சொல்கிற அந்த 40, களரிக்குள் மற்றப் பக்கம் நிற்கிறது.

"பத்து வருசப் பழசு ரீச்சர், இப்ப வாற சென்சர் எல்லாம் வேற மாதிரி" என்று உள்பெட்டியில் ஒருவர் எழுதியிருந்தார். மரியாதையாகக் கேட்டார், அதனால் மரியாதையாகவே பதில் சொல்கிறேன். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. புதுச் சென்சர்கள் அதே பரப்பில் கூடுதல் வெளிச்சத்தைப் பிடிக்கின்றன. இரண்டு மடங்கு நல்லது என்று வைப்போம். மூன்று என்றே வைப்போம். 40-க்கு முன்னால் மூன்று என்ன செய்யும்? களரியில் ஆடுகிறவரின் கால் தெளிவாக விழ வேண்டுமென்றால் வினாடியில் 200-இல் ஒரு பங்காவது வேண்டும். 1.8 லென்ஸ், ஐஎஸ்ஓ என்கிற வெளிச்ச உணர்வு அளவு 1600, டி90 அதைத் தருகிறது. சின்னக் கமராவில் ஐஎஸ்ஓ 3200-க்கு மேல் போகவே வழியில்லை. அங்கே போய் நின்று, கொஞ்சம் ஸூம் இழுத்தால் வேகம் 50-இல் ஒன்றுக்கு இறங்கிவிடும். கால் இருக்கிற இடத்தில் புகைதான் இருக்கும்.

இதை நான் கணக்கில் மட்டும் படிக்கவில்லை. அக்காவின் மகன் முதன்முதல் சதங்கை கட்டிக் களரிக்கு வந்த அன்று, பாரமாக இருக்கிறது என்று டி90-ஐ வீட்டில் வைத்துவிட்டுச் சின்னக் கமராவோடு போனேன். 50 மி.மீ. லென்ஸோடு சேர்த்தாலே டி90 800 கிராமுக்கு மேல், மற்றது 300 கிராம். அன்று எடுத்தது நூற்றுக்கு மேல். திரையில் பார்க்கும்போது நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால் பிள்ளையின் முகத்தில் தோலே இல்லை. வெளிச்சம் குறைந்த படத்தில் விழுகிற புள்ளிகளை மறைக்கக் கமரா தானாகவே பூசி மெழுகியிருந்தது. கண் இமை இல்லை, வியர்வை இல்லை, மெழுகுப் பொம்மை. அந்தக் கமரா ரோ கோப்பும், அதாவது கமரா கை வைக்காத மூலப் படமும், தராது, பிறகு இருந்து திருத்தலாம் என்றால் அதற்கும் வழியில்லை. முதல் அரங்கேற்றம் ஒரு முறைதான். அக்கா இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் படங்களைப் பெரிதாக்கித் தா என்றும் கேட்கவில்லை.

அதற்கு முன், 2013-இல், பெரியப்பா கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியாராகக் கடைசியாக நின்ற களரியை டி90-இல் எடுத்தேன். விடியற்சாமம் மூன்று மணி இருக்கும். ஆட்டத்தில் ஒரு பெடியன் தாளம் தப்பப் போகிறான். பெரியப்பாவின் கை சல்லாரித் தாளத்தை விடவில்லை, கண் அவன் காலில், வாய் தாளக்கட்டைச் சொல்லிக்கொடுக்கிறது. அந்தப் படம் பெரியம்மா வீட்டு மண்டபத்தில் ஏ4 அளவில் தொங்குகிறது. 12 மெகாபிக்சல் என்று சிரித்தவர்கள் போய்ப் பாருங்கள். 4288 புள்ளிக்கு 2848 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடித்தாலும் 14 அங்குலம் வரும். நீங்கள் 20 மெகாபிக்சலில் எடுத்து முகநூலில் போடுவதை அது 2048 புள்ளிக்குச் சுருக்கிவிட்டுத்தான் காட்டுகிறது.

சின்னக் கமராவை நான் வெறுக்கவில்லை, அப்படித் திரித்துவிட வேண்டாம். கல்லடிப் பாலத்தில் நின்று வாவியின் நடுவில் மீன் கொத்துகிற செம்பருந்தை எடுக்க எனக்கு அதுதான் வேண்டும். குமணைக்குப் போனபோது வில்லுக் குளத்தின் அந்தப் பக்க மரத்தில் நின்ற மஞ்சள் மூக்கு நாரையை அதில்தான் எடுத்தேன். டி90-இல் 300 மி.மீ. லென்ஸைப் பூட்டினாலும் 450-க்குச் சமனான தூரம்தான் கிடைக்கும். சின்னது 960-க்குச் சமனாகப் போகிறது. அந்த அளவுக்கு டி90 படத்தை வெட்டினால் 12-இல் மூன்று மெகாபிக்சல்கூட மிஞ்சாது. காலை வெயில், அசையாமல் நிற்கிற பறவை, தூரம் என்றால் சூப்பர்ஸூம். தயங்காமல் சொல்வேன். ஒன்பது மணிக்கு மேல் வாவியில் கானல் எழும்பிக் காற்று நடுங்கத் தொடங்கினால் எந்த ஸூமும் உதவாது, அது கமராவின் குற்றமில்லை. உச்சி வெயிலில் திரையும் தெரியாது, கண்ணை வைத்துப் பார்க்கிற துவாரம் அதில் இல்லை, பறவை எந்தப் பக்கம் போனது என்று கையை நீட்டிக்கொண்டு தேட வேண்டும். அதையும் பொறுத்துக்கொண்டுதான் பாவிக்கிறேன்.

ஆனால் பகலில் பறவைக்கு நல்லது என்பதற்காக இரவில் கூத்துக்கும் நல்லது என்று எப்படிச் சொல்வீர்கள்? தோணி நல்லது என்று அதை மாட்டு வண்டிக்குப் பதிலாக வயலுக்குள் இழுத்துக்கொண்டு போவீர்களா?

போனே போதும் என்று எழுதியவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. போதுமென்றால் எடுங்கள்.

இதே விளக்கத்தை, இதைவிடச் சுருக்கமாக, ஞாயிறு காலையில் அந்தப் பதிவின் கீழேயும் எழுதினேன். வந்த பதில் என்ன தெரியுமா? "அக்கா, இது ரெக்னிக்கல் விசயம், விடுங்க." அதற்குப் பத்துப் பேர் கைதட்டல் குறி. 13 மடங்கு தவறா, 40 தவறா, ஒருவரும் சொல்லவில்லை. நான் யார் என்பதைத்தான் பார்த்தார்கள். பத்து வருடத்துக்கு மேலாகக் களரி களரியாகப் போகிறேன். முன்னுக்கு நின்று எடுத்தால் "ரீச்சர் கொஞ்சம் தள்ளுங்க, போட்டோக்காரர் வாறார்" என்பார்கள். என் கையில் இருந்ததும் கமராதான். வருகிற போட்டோக்காரர் ஆடுகிறவரின் முகத்துக்கு நேரே பிளாஷை அடிப்பார், கண் கூசி அவர் ஒரு அடி பிசகுவார், அதை யாரும் கேட்கமாட்டார்கள். 1.8 லென்ஸும் பழைய டிஎஸ்எல்ஆரும் இருந்தால் பிளாஷ் தேவையில்லை. ஆடுகிறவர் விடிய விடிய நிம்மதியாக ஆடுவார். அதுவும் ரெக்னிக்கல் விசயம்தான். அதைப் பேச எனக்கு யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை.

காசு விசயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "புதுசு வாங்க வழியில்லாதவர் பழசைப் புகழுவார்" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். 2022 மார்ச்சில் 200 ரூபாயளவில் நின்ற டொலர், மே மாதத்துக்குள் 360 வரை போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். கமரா டொலரில்தான் வருகிறது. அந்தப் பெடியன் இரண்டு போகம் அடுத்தவர் வயலில் நின்று உழைத்த காசில் வாங்கியது அந்த டி90. கை மாறிய உடம்பு, பிடியின் ரப்பர் தேய்ந்திருக்கிறது, உள்ளே எல்லாம் வேலை செய்கிறது. உடம்புக்குள்ளேயே போக்கஸ் மோட்டார் இருப்பதால் மலிவான பழைய லென்ஸ்களும் அதில் தானாகப் போக்கஸ் ஆகும். டி3000, டி5000 வரிசைகளில் அது நடக்காது. இதையெல்லாம் விசாரித்து, தேடி, சரியாகத் தெரிந்தெடுத்து வாங்கியிருக்கிறான். வழியில்லாமல் வாங்கியது என்கிறீர்கள். வழி தெரிந்து வாங்கியது அது. உங்களில் எத்தனை பேர் உங்கள் கமராவை அப்படி விசாரித்து வாங்கினீர்கள்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அவன் அன்றிரவு பிடித்த 50 மி.மீ. லென்ஸ் என்னுடையது. அரங்கேற்றத்துக்கு இரண்டு நாள் முன்னால் நான்தான் கொடுத்தேன். "இத வச்சு எடு மனே, பிளாஷ் அடிக்காத" என்று சொல்லி அனுப்பினேன். அதனால் இது எனக்கு அடுத்த வீட்டுச் சண்டை இல்லை. பெரியப்பாவை எடுத்த அதே லென்ஸ்.

நேற்று அதைப் பழைய சாரத் துண்டில் சுற்றிக்கொண்டு திருப்பித் தர வந்தான். உள்ளுக்கு வா என்றால் வரவில்லை, வாசலில் நின்றான். "கமராவை விக்கப் போறன் ரீச்சர். அந்த மாதிரி ஸூம் ஒன்று எடுக்கலாமெண்டு பாக்கிறன்" என்றான். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அவன் சொல்லவும் இல்லை. கூத்தை எடுக்க ஆசைப்பட்ட ஒரு பிள்ளை, கூத்தை எடுக்க முடியாத கமராவைத் தேடிப் போகிறான், நீங்கள் போட்ட சிரிப்புக் குறிக்காக. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உங்கள் நிலாப் படம் இன்னும் அங்கே இருக்கிறது. அவனுடைய ராசா இல்லை.

லென்ஸை நான் வாங்கவில்லை. அழிப்பதற்கு முன் நான் சேமித்து வைத்திருந்த மத்தளக்காரரின் படத்தைக் கணினியில் பெரிதாக்கிக் காட்டினேன். மத்தளத் தோலின் வார் தனித்தனியாகத் தெரிந்தது. அதே களரியில் வேறொருவர் சின்னச் சூப்பர்ஸூமில் எடுத்துப் போட்டிருந்ததையும் பக்கத்தில் வைத்தேன். அவன் நிறைய நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு லென்ஸை அதே துண்டில் சுற்றிச் சைக்கிள் கூடைக்குள் வைத்தான்.

கமராவை விற்பானா இல்லையா என்று தெரியாது. அந்த 22 படத்தையும் திரும்பப் போடச் சொல்லியிருக்கிறேன். போட்டால், என்ன கமரா என்று கேட்பதற்கு முன்னால் அந்த ராசாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள்.