புகைபோக்கியைக் கழற்றிவிட்ட வீடு

இங்கிலாந்தின் பழைய பண்ணை வீடுகளைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் யாராவது ஒருவர் பேலீஃபை இழுத்து, "அது அசல் இல்லீங்க, பெயர்த்துக்கொண்டுவந்து நட்டது" என்று சொல்லிவிடுகிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த வீட்டைப் பற்றி எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆனால் அது வேறு.

தெரியாதவர்களுக்காக: பேலீஃப், கென்ட்டில் சிடிங்ஸ்டோன் பக்கம் இருந்த விவசாயி வீடு. 1960களின் கடைசியில் அங்கே பௌ பீச் நீர்த்தேக்கம் வந்தது. வீடு அந்தத் திட்டத்துக்குள் மாட்டிக்கொண்டது. 1968-69இல் அதைக் கழற்றி, மேற்கு சசெக்ஸில் சிங்கிள்டன் ஊரில், பழைய வீடுகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மறுபடி எழுப்பினார்கள். பக்கத்திலிருந்த விங்க்ஹர்ஸ்ட் வீட்டுக்கும் இதே கதைதான்.

"கழற்றி" என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். கல் வீட்டைப் பெரும்பாலும் இடிக்கத்தான் முடியும். இதைக் கழற்றலாம். மொத்த வீடும் ஓக் மரச்சட்டம். ஒரு மரத்தில் துளை, இன்னொன்றின் முனையில் அதற்குள் போகும் நாக்கு, இரண்டையும் சேர்த்துக் குறுக்கே அடித்த மர ஆணி. இரும்புக்கு அங்கே பெரிய வேலையே இல்லை. தச்சர்கள் இந்தச் சட்டத்தைத் தங்கள் பட்டறை முற்றத்தில் தரையில் கிடத்திச் செதுக்கிப் பொருத்திப் பார்ப்பார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் ரோமன் எண் மாதிரி கோடு கீறி வைப்பார்கள். அப்புறம் பிரித்து, வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், வீடு நிற்க வேண்டிய இடத்தில் எண் பார்த்துப் பூட்டுவார்கள். அந்தக் கீறல்களை இன்றும் பார்க்கலாம். ஆக, இந்த மாதிரி வீடு பிறந்த நாளிலேயே ஒருமுறை இடம்பெயர்ந்ததுதான். இருபதாம் நூற்றாண்டில் நடந்தது இரண்டாவது பயணம். அதில் என்ன அசல் கெட்டுப்போயிற்று?

(இடையில் ஒன்று. பழைய வீட்டு உத்திரங்கள் எல்லாம் உடைந்த கப்பலிலிருந்து வந்தவை என்று சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பெரும்பாலும் கட்டுக்கதை. உலர்ந்த ஓக்கை உளியால் தொட்டுப் பார்த்தவருக்குத் தெரியும், அது இரும்பு. வெட்டிய பச்சை மரத்தில்தான் வேலை செய்தார்கள். அதனால்தான் மர வளையங்களை எண்ணி, மரம் விழுந்த வருடத்தை வைத்தே வீடு எழுந்த வருடத்தைச் சொல்ல முடிகிறது.)

அப்படி எண்ணித்தான் பேலீஃபின் கூடமும் அதன் ஒரு முனையும் 1405-க்கும் 1430-க்கும் இடையில் கட்டியவை என்று தெரிந்தது. மறுமுனை பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. நடுவில் தரையிலிருந்து கூரை வரை திறந்த பெரிய கூடம். இருபுறமும் மாடியறைகள், முன்பக்கம் கீழ்ச்சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கின்றன. கூடத்துக்கு மாடி இல்லை, அதனால் அதன் சுவர் உள்வாங்கியிருக்கிறது. மூன்றுக்கும் ஒரே ஓட்டுக் கூரை என்பதால் நடுவே கூரை விளிம்பை வளைந்த மரங்கள் தாங்குகின்றன. வீல்டன் வீடு என்று இந்த வகைக்குப் பெயர், கென்ட்டிலும் சசெக்ஸிலும் நிறைய உண்டு. சட்டங்களுக்கு இடையில் கழிகளைப் பின்னி, மண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்துப் பூசியிருக்கிறார்கள். ஜன்னலில் கண்ணாடி கிடையாது, மரக் கம்பிகளும் பலகைக் கதவும்தான்.

இவ்வளவும் ஒரு விவசாயிக்கா என்று கேட்கலாம். 1348-49 கொள்ளைநோயில் நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்காவது செத்துப்போனார்கள். மிஞ்சியவர்களுக்குக் கூலி ஏறியது, நிலம் கிடைத்தது. அடுத்த நூறு வருடத்தில் வசதியான குடியானவர்கள் தங்களுக்கென்று நல்ல தச்சரை வைத்துக் கட்டிக்கொண்ட வீடுகள் இவை.

கூடத்தின் நடுவே, தரையில், அடுப்பு. புகைபோக்கி இல்லை. நான் போனபோது தீ எரிந்துகொண்டிருந்தது, கண் கரிக்கும் என்று தயங்கித்தான் நுழைந்தேன். உட்கார்ந்ததும் புரிந்தது: புகை தலைக்கு மேலே ஒரு படலமாக நின்றுகொண்டு, மெதுவாகக் கூரை வழியே கசிந்து போகிறது. கீழே மூச்சு முட்டவில்லை. நிமிர்ந்து நின்றால்தான் தொல்லை. மேலே மரமெல்லாம் கருப்பு. பின்னாளில் மாடி போட்டு மறைத்துவிட்ட வீடுகளில்கூட, பரணில் ஏறி டார்ச் அடித்துக் கூரை மரத்தில் கரி இருக்கிறதா என்று பார்த்தே அங்கே முன்பு திறந்த கூடம் இருந்ததைக் கண்டுபிடிக்கிறார்கள்.

சரி, என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். இந்த வகை வீடுகளில் பெரும்பாலானவற்றில் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. செங்கல் புகைபோக்கி எழுப்பி, திறந்த கூடத்தின் குறுக்கே தளம் போட்டு மாடி ஆக்கினார்கள். 1577இல் எசெக்ஸில் ராட்வின்டர் ஊர்ப் பாதிரியார் வில்லியம் ஹாரிசன், தம் ஊர்ப் பெரியவர்கள் தங்கள் காலத்தில் கண்ட அதிசய மாற்றங்கள் என்று மூன்றைச் சொன்னதாக எழுதிவைத்தார்: புதிதாக முளைத்த புகைபோக்கிகள், நல்ல படுக்கைகள், மரத்தட்டு போய் ஈயக்கலவைத் தட்டு வந்தது. முதலில் வந்தது புகைபோக்கி! முதலாளியும் வேலையாளும் ஒரே தீயைச் சுற்றி உட்கார்ந்த வாழ்க்கையை முடித்துவைத்தது அதுதான். ஆளுக்கொரு அறை, அறைக்கொரு கதவு என்பதெல்லாம் அதற்கப்புறம்.

பேலீஃபிலும் அது நடந்திருந்தது. அருங்காட்சியகத்தார் அதையெல்லாம் விட்டுவிட்டு, வீட்டை 1540 வாக்கில் இருந்த நிலைக்குக் கொண்டுபோனார்கள். மேசை, கட்டில், பெட்டி எல்லாம் அந்தக் காலத்து மாதிரியில் புதிதாகச் செய்தவை. அழகுதான். ஆனால் நானூறு வருடம் அங்கே தொடர்ந்து மனிதர்கள் குடியிருந்து, சுவரை உடைத்து, தளம் போட்டு, ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டிய கதை எங்கே போயிற்று? பழைய கட்டடத்தை ஏதோ ஒரு வருடத்துக்குத் திருப்புவதை எதிர்த்துத்தான் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தையே தொடங்கினார். இங்கே இடம் மாற்றத்தை எல்லாரும் குறை சொல்கிறார்கள், காலம் மாற்றியதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

திருப்பியிருக்காவிட்டால் அந்தப் புகைப் படலத்தின் கீழே என்னால் உட்கார்ந்திருக்க முடியாது என்பதும் உண்மை. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தத் தளத்தில் ஒரு பாதியையாவது விட்டுவைத்திருக்கலாம் என்றே தோன்றுகிறது.

போகிறவர்கள் அதே வளாகத்தில் பெண்டீன் வீட்டையும் பார்த்துவிடுங்கள். மிட்ஹர்ஸ்ட் பக்கத்திலிருந்து வந்தது, 1609இல் கட்டியது, கட்டும்போதே நடுவில் செங்கல் புகைபோக்கியோடு கட்டியது. வாசலைத் திறந்ததும் அந்தச் செங்கல் சுவர்தான் எதிரே நிற்கும். பேலீஃபில் விடுபட்டதை அங்கே ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம். ஒரே வீடு பாதியில் மாறியதைப் பார்க்கும் வாய்ப்பு மட்டும் இரண்டிலும் இல்லை.